சந்தைச் சேவல் வந்த பிறகு மாடிக் கோழிகளுக்குச் சளி, கண் வீக்கம். என்ன செய்யலாம்?

ராமமூர்த்தி நகர் மாடி:
வணக்கம். பெங்களூரில் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி வளர்க்கிறோம். கே.ஆர்.புரம் சந்தையில் ஒரு சேவல் வாங்கி இவற்றோடு விட்டோம், அது இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பெட்டைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது, ஒன்றுக்கு ஒரு பக்கக் கண் வீங்கி மூடிவிட்டது. தீவனம் பாதிதான் எடுக்கின்றன, சாவு எதுவும் இல்லை. மருந்துக் கடையில் தண்ணீரில் கலக்க ஒரு பொடி கொடுத்தார்கள், இன்னும் கலக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் "மத்ததுக்கு வர்றதுக்குள்ள சந்தையில தள்ளிவிடுங்க" என்கிறார். அம்மாவுக்கு இவை என்றால் உயிர், எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

ஆனேக்கல் கோழிக்காரன்:
சந்தையில் மட்டும் தள்ளாதீங்க, கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு நோய் வந்த வழியே பெரும்பாலும் அதுதான், அதே வழியில் இன்னொரு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சீக்கான இரண்டையும் காற்று வீசும் திசைக்குக் கீழே தனிக் கூண்டில் போடுங்க, தண்ணிக் கிண்ணம் தனி, வேலை பார்க்கும்போது முதலில் நல்லதுகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாக இதுங்களிடம் போங்க. ராத்திரி விளக்கை அணைத்து, எல்லாம் அடங்கிய பிறகு கூண்டுப் பக்கம் நின்று கேளுங்க. பகலில் தெரியாத கரகரப்பு அப்போதுதான் கேட்கும், எந்தெந்தக் கோழிக்கு ஒட்டியிருக்கிறது என்று பிடித்துவிடலாம்.

ஜாலஹள்ளி அக்கா:
சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், துளசி அரைத்து உருட்டிக் கொடுங்க தம்பி, எங்கள் வீட்டில் எப்போதும் அதுதான். கூண்டு ஈரமில்லாமல் இருக்கட்டும், எச்சம் நனைந்து கிளம்பும் நெடியே பாதிச் சளிக்குக் காரணம்.

ஹெப்பாள் பக்கம்:
அக்கா சொன்ன நெடி விஷயம் நூற்றுக்கு நூறு சரி, அம்மோனியா மூச்சுக்குழாயை அரித்துவிட்டால் எந்தக் கிருமியும் சுலபமாக ஏறும். உருண்டையும் கொடுக்கலாம், தெம்புக்கு நல்லது, ஆனால் அதை நம்பி டாக்டரைத் தள்ளிப் போட வேண்டாம்.

கோழிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். முகம் வீங்கி, மூக்குச் சளி நாறி, அதைத் துடைத்துத் துடைத்து இறக்கைத் தோள் பக்கம் அழுக்குப் பற்றியிருந்தால் கொரைசா என்ற பாக்டீரியா சளி நோயாக இருக்கலாம், அது ஒட்டிய ஒன்றிரண்டு நாளிலேயே தெரியும். கண் மூலையில் நுரை, ராத்திரியில் கரகரப்பு, மெதுவாக ஒவ்வொன்றாகப் பரவல் என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நாள்பட்ட மூச்சு நோய், அதாவது சி.ஆர்.டி. அது முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். ரெண்டும் சேர்ந்தும் வரும், உறுதியாகச் சொல்லப் பரிசோதனை வேண்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான்: இந்த இரண்டிலும் மருந்தால் வீக்கம் வடியும், தீனி எடுக்கும், ஆனால் தேறிய கோழியின் உடம்பில் கிருமி தங்கிவிடும். உங்கள் சேவல் திடமாக இருந்துகொண்டே பரப்பியிருக்கலாம். அதனால் இனி உங்கள் மந்தை மூடிய மந்தை. புதுக் கோழி உள்ளே வரக் கூடாது, இங்கிருந்து கோழியோ அடைமுட்டையோ யாருக்கும் போகக் கூடாது. அப்படி அதன் ஆயுசு வரை வளர்ப்பதில் தப்பே இல்லை. இல்லையென்றால் எல்லாவற்றையும் கழித்து, கூண்டைக் கழுவிக் காயவிட்டு, சில வாரம் காலியாக வைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். பாதியை வைத்துப் பாதியைப் புதிதாகச் சேர்த்தால் ஓயாது.

பொடியில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால் திருப்பிக் கொடுங்கள், உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கு அதை 2019-லேயே தடை செய்துவிட்டார்கள். டைலோசின், டாக்ஸிசைக்கிளின் மாதிரி ஆன்டிபயாடிக்கில் எது, எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லட்டும். வைரஸ் நோயாக இருந்தால் எந்த ஆன்டிபயாடிக்கும் அதன்மேல் வேலை செய்யாது. சளி இருக்கும்போது அவசரப்பட்டு லசோட்டா சொட்டும் (ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி) விடாதீர்கள், மைக்கோபிளாஸ்மா உள்ள கோழிக்கு உயிருள்ள தடுப்பூசி மூச்சுத் திணறலைக் கூட்டிவிடும்.

திடீரென்று நாலைந்து செத்தாலோ, கழுத்து திருகினாலோ, பச்சைக் கழிச்சலோடு கொண்டை நீலமானாலோ அது ராணிக்கெட்டாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். அறுக்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள், கால்நடைத் துறைக்கு உடனே சொல்லுங்கள். 2025 தொடக்கத்தில் சிக்கபள்ளாபூர் பக்கமே பறவைக் காய்ச்சல் வந்தது.

ராமமூர்த்தி நகர் மாடி:
தோள் இறகு அழுக்கு நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது, நாற்றமும் உண்டு. அம்மா ஒன்றையும் கழிக்க விடமாட்டார், மூடிய மந்தையாகவே வைத்துக்கொள்கிறோம். ரெண்டு கேள்வி: முட்டை சாப்பிடலாமா? ஏதாவது செத்துப்போனால் எங்கே காட்டுவது?

ஹெப்பாள் பக்கம்:
மருந்து கொடுக்கும் நாளிலும், நிறுத்திய பிறகு டாக்டர் சொல்லும் நாள் வரையும் முட்டை வேண்டாம், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டாம். செத்தால் கையுறை போட்டு இரட்டைக் கவரில் கட்டி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள், போன் செய்து கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் இல்லை. ப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்துபோனால் உறுப்புகளைச் சரியாகப் பார்க்க முடியாது.

ஆனேக்கல் கோழிக்காரன்:
மாடிக்கென்று தனிச் செருப்பு ஒன்று படியிலேயே போட்டு வைங்க. பக்கத்து வீட்டுக்காரரும் கோழி வைத்திருந்தால் கொஞ்ச நாளைக்கு அவரை மேலே ஏற விடாதீங்க.