360 இல்லங்கள், 22 சதவீதம் பேருக்கு வீடியோ: இதில் எதைத்தான் சோதித்தோம்?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக 11 வருஷம் வேலை பார்த்தவன் நான். டிமென்ஷியா (மறதி நோய்) பராமரிப்பில் இப்போது எல்லோரும் கொண்டாடும் 'நடைமுறை ஆய்வு' பற்றி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தனி ஆய்வுக்கூடம், தேர்ந்தெடுத்த நோயாளிகள், ஆய்வுக்கென்று சம்பளம் வாங்கும் ஆட்கள் என்று எதுவும் இல்லாமல், அன்றாடம் சிகிச்சை நடக்கும் இடத்திலேயே, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஊழியர்களை வைத்தே செய்து பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் ப்ரூவன் என்ற ஆய்வு. முதியவர்கள் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் 360 நர்சிங் ஹோம்கள் (நம்மூரில் சின்ன ஆஸ்பத்திரியை நர்சிங் ஹோம் என்போம், அங்கே அது தங்கிப் பராமரிக்கும் இல்லம்). அவற்றில் 119 இல்லங்களுக்கு டேப்லெட்டில் வீடியோ கொடுத்தார்கள். கடைசிக் காலத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா, குழாய் வழியாக உணவு வேண்டுமா என்று குடும்பம் முன்கூட்டியே யோசிப்பதற்கான வீடியோ. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது: குறையவில்லை. டிமென்ஷியாவோ இதய, நுரையீரல் நோயோ முற்றியிருந்த 4,171 பேரில் 912 பேருக்குத்தான் வீடியோ காட்டியிருக்கிறார்கள். 14 இல்லங்களில் ஒருவருக்குக்கூடக் காட்டவில்லை.

அடுத்தது டி-கேர். 2025 ஜனவரியில் முடிவு வெளியானது. நோயாளியும் பார்த்துக்கொள்பவருமாக 2,176 ஜோடிகள், 18 மாதம். ஒரு பிரிவுக்கு மருத்துவமனையிலேயே டிமென்ஷியாவுக்கென்று தனி ஆள். இன்னொரு பிரிவுக்கு வெளி அமைப்பிலிருந்து போனில் வழிகாட்டல். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. நோயாளியின் நடத்தைப் பிரச்சினையிலும் சரி, பார்த்துக்கொள்பவரின் சுமையிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

மாத்திரையை நாலில் ஒருவர்கூட விழுங்காத ஒரு மருந்து ஆய்வை நான் அனுப்பியிருந்தால், ஒரு பத்திரிகையும் சீண்டியிருக்காது. இங்கே மட்டும் அது எப்படி அறிவியல் ஆகிறது?

எண்கணக்கு

பொருநை அண்ணே, எண்கள் எல்லாம் சரி. எடுத்த முடிவுதான் சரியில்லை. வீடியோவைக் காட்டினால் பலன் உண்டா என்பது ஒரு கேள்வி. 119 இல்லங்களிடம் 'இதைக் காட்டுங்கள்' என்று கொடுத்தால் என்ன ஆகும் என்பது வேறொரு கேள்வி. 1967லேயே பிரான்சில் ஷ்வார்ட்ஸ், லெலூஷ் என்ற இருவர் இந்த இரண்டையும் பிரித்து எழுதிவிட்டார்கள். முதலாவது காரணத்தை விளக்கும் ஆய்வு, இரண்டாவது முடிவெடுக்க உதவும் ஆய்வு, அதாவது நீங்கள் சொன்ன நடைமுறை ஆய்வு. ப்ரூவன் இரண்டாவது ரகம். அதற்கு வந்த பதில் மிகத் தெளிவானது: டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுப் பயிற்சியும் கொடுத்தால் மட்டும் போதாது. நாளைக்கு ஒரு அரசு 10,000 இல்லங்களுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுக்கக் கிளம்பினால், இந்த 22 சதவீதம்தான் அதைத் தடுத்து நிறுத்தும்.

டி-கேரில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. 'என்னால் இதைச் சமாளிக்க முடியும்' என்று பார்த்துக்கொள்பவருக்கு இருக்கும் தன்னம்பிக்கை, உதவி கிடைத்த இரண்டு பிரிவிலும் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட அதிகமாக இருந்தது. அந்த 'வழக்கமான கவனிப்பு'ம் வெறும் கையோடு அனுப்பியதல்ல. அவர்களுக்கும் படிக்கப் புத்தகம், அல்சைமர் சங்கத்தின் உதவி எண் எல்லாம் கொடுத்தார்கள். போதாக்குறைக்கு ஆய்வின் நடுவே கொரோனா வந்தது.

பனங்கூடல்

நான் இங்கிலாந்தில முதியோர் இல்லம் ஒன்றில தாதியா வேலை செய்யிறன். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து 19 வருஷம். அந்த 14 இல்லங்களில ஏன் ஒருவருக்கும் காட்டேல்லை எண்டு என்னைக் கேட்டால் உடனே சொல்லுவன்.

காலமை ஏழு மணிக்குப் பொறுப்பு எடுக்கிறம். என்ர பக்கத்தில 24 பேர். அதில பாதிப் பேருக்குச் சாப்பாடு ஊட்ட வேணும். ஒராளுக்கு ஊட்ட 30 நிமிஷம் செல்லும், அவசரப்படுத்தினால் புரைக்கேறும். அதுக்குள்ள ஒராள் விழுந்திட்டார், இன்னொரு ஆளின்ர மகள் போனில. இதுக்கு நடுவில டேப்லெட்டைக் கொண்டுபோய், 'உங்கட அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில என்ன செய்யலாம்?' எண்டு கேக்கிறது சும்மா பட்டனை அமத்திற வேலை இல்லை. அந்த வீடியோ முடிஞ்ச பிறகு மகள் அழுவா. பக்கத்தில இருக்க வேணும். அந்த அரை மணித்தியாலத்தை எனக்கு ஆர் தாறது?

நேரம் குடுத்தால் நடக்கும் எண்டதுக்கும் ஆய்வு இருக்கு. இங்க வெல்ட் எண்டு ஒண்டு செய்தவை. 69 இல்லங்கள், 847 பேர், 2018இல வெளிவந்தது. ஊழியருக்கு ஆளறிஞ்சு பராமரிக்கப் பழக்கினவை. ஒவ்வொருவரோடயும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் எண்டாலும் இருந்து கதைக்கிறது, அவைக்குப் பிடிச்சதைச் சேர்ந்து செய்யிறது. ஒன்பது மாதத்தில வாழ்க்கைத் தரம் கூடினது, நிலைகொள்ளாமல் தவிக்கிறது குறைஞ்சது, செலவும் குறைஞ்சது.

எங்கட இல்லத்தில ஒரு அம்மா இருந்தவ. இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோய்த் தமிழ் மட்டும்தான் மிஞ்சினது. பின்னேரம் ஆனால் கதவைப் பிடிச்சு உலுப்புவா. நான் வேலையில நிக்கிற நாளில தேங்காய் எண்ணெய் வைச்சுப் பின்னி விடுவன். பின்னல் முடியிறதுக்குள்ள தலை என்ர கையில சாயும். நான் இல்லாத நாளில மருந்து.

பொருநைக்கரை

தங்கச்சி, நீங்கள் சொன்னது எனக்கு வலிக்கிறது. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. வெல்ட் ஆய்வில் வெளியிலிருந்து பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் வந்து போய் ஊழியர்களுக்குத் துணை நின்றார்கள். அதாவது இருப்பதை வைத்து ஒப்பேற்றவில்லை, கூடுதலாகக் கொடுத்தார்கள். அதனால்தான் பலன் வந்தது. இல்லத்தில் ஆள் போதாது என்பது உங்களுக்குத் தெரியும், நிர்வாகத்துக்குத் தெரியும். அதை நிரூபிக்க 360 இல்லங்களில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆய்வு நடத்த வேண்டுமா? அந்தப் பணத்தில் ஆள் போட்டிருக்கலாமே.

இன்னொன்று சம்மதம். ப்ரூவனில் தனித்தனியாக யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. ஆபத்து மிகக் குறைவு என்று நெறிமுறைக் குழு விலக்குக் கொடுத்தது. ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளிலிருந்து முடிவை எடுத்துக்கொண்டார்கள். தன் பெயரே மறந்துபோன ஒருவரை, அவருக்கும் தெரியாமல், குடும்பத்துக்கும் தெரியாமல் ஓர் ஆய்வில் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. சம்மதப் படிவத்தை வரி வரியாக வாசித்துக் காட்டியே 11 வருஷம் ஓட்டியவன் நான்.

எண்கணக்கு

சம்மதம் பற்றிய கவலை நியாயமானது, தள்ளிவிட மாட்டேன். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து கேட்டால் யார் ஆய்வுக்குள் வருவார்கள்? அடிக்கடி வந்து பார்க்கும் பிள்ளைகள் உள்ளவர்கள். படிவம் படிக்கத் தெரிந்த குடும்பங்கள். யாருமே வராத கட்டிலில் கிடப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். அவரை விட்டுவிட்டு எடுத்த முடிவை அவர் மேலேயே சுமத்துவோம். அது மட்டும் நெறியா?

மருந்து பற்றிப் பேசினீர்களே, அங்கிருந்தே ஒன்று சொல்கிறேன். டிமென்ஷியாவோடு மனச்சோர்வும் வந்தால் செர்ட்ரலின், மிர்டஸபின் எழுதுவது ரொம்ப நாள் வழக்கம். பிரிட்டனில் 326 பேரிடம், வழக்கமாக வரும் நோயாளிகளிடமே, சோதித்தார்கள். 2011இல் முடிவு வந்தது: மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட இரண்டும் மேலில்லை, பக்கவிளைவுதான் அதிகம். பிறகு மிர்டஸபின் நிலைகொள்ளாத தவிப்பையாவது குறைக்குமா என்று 204 பேரிடம் பார்த்தார்கள், 2021. குறைக்கவில்லை. 'பலன் இல்லை' என்ற இந்த இரண்டு முடிவும் எத்தனை பேர் வாய்க்குள் போகும் மாத்திரையைத் தடுத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

மதுரை மகள்

ரெண்டு நாளா வாசிச்சிட்டே இருக்கேன். ஆய்வு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்கம்மாவுக்கு 78 வயசு, ஆறு வருஷமா டிமென்ஷியா. நான்தான் பாத்துக்கிறேன்.

எண்கணக்கு சார் சொன்ன அதே மிர்டஸபின் எங்கம்மாவுக்கு ஒரு வருஷம் ஓடுச்சு. எதுக்குன்னு யாரும் சொல்லலை, நானும் கேட்கலை. அதுக்கு முன்னாடி வேற ஒரு டாக்டர் ராத்திரி தூங்கறதுக்குன்னு ரிஸ்பெரிடோன்னு ஒரு மனநோய் மருந்து எழுதினார். மூணு மாசம் அம்மா நாற்காலியில உக்காந்தபடியே எச்சில் ஒழுகக் கிடந்தாங்க. இந்த வகை மருந்து டிமென்ஷியா உள்ள வயசானவங்களுக்குச் சாவு அபாயத்தைக் கூட்டும்னு அமெரிக்காவில 2005லேயே எச்சரிக்கை போட்டுட்டாங்கன்னு பின்னாடிதான் படிச்சேன்.

பொருநை அண்ணே, 'சுமை குறையலை, அதனால பலன் இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. சுமை எப்படிண்ணே குறையும்? சாயங்காலம் அஞ்சரை ஆனா அம்மா முந்தானையை மடிச்சு இடுப்புல செருகிட்டு, 'வீட்டுக்குப் போகணும், மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்'னு கிளம்பிருவாங்க. இருக்கறதே அவங்க வீடுதான். மாடு வித்து முப்பது வருஷமாச்சு. முன்னாடி நான் சண்டை போடுவேன். 'இதுதாம்மா வீடு, கண்ணைத் திறந்து பாரு'ன்னு கத்துவேன். அவங்க அழ, நானும் அழன்னு முடியும். ஒரு நாள் ஒரு தொண்டு நிறுவனத்துப் பொண்ணு வந்து, 'மறுத்துப் பேசாதீங்கக்கா, மாட்டுக்குப் பேரு என்னன்னு கேளுங்க'ன்னுச்சு. கேட்டேன். 'செவலை'ன்னாங்க. அப்புறம் அரை மணி நேரம் செவலையைப் பத்தியே பேச்சு. பேசிட்டே கூட நடந்து, தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவோம்.

அம்மா இப்பவும் தினம் கிளம்பத்தான் செய்றாங்க. நீங்க நடத்தைக்கு மார்க் போட்டா அதே மார்க்தான் வரும். ஆனா நான் கத்தறதில்லை. அந்தத் தன்னம்பிக்கைன்னு சொன்னாங்களே, அதை ஓரத்துல எழுதிட்டுப் போகாதீங்க. எனக்கு அதுதான் எல்லாமே.

பொருநைக்கரை

தங்கச்சி, உங்கள் பதிவை மூன்று தடவை வாசித்தேன். எதை அளப்பது என்று தொடக்கத்திலேயே தப்பாக முடிவு செய்தால் எவ்வளவு பெரிய ஆய்வும் வீண் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஆய்வு செய்தவர்கள் மீதான குற்றச்சாட்டும்தான். 2,176 குடும்பங்களைச் சேர்ப்பதற்கு முன், உங்களைப் போன்ற பத்துப் பேரிடம் 'எது மாறினால் உங்களுக்குப் போதும்?' என்று கேட்டு, அந்த அளவையே முதன்மையாக வைத்திருக்க வேண்டும்.

எண்கணக்கு

இது எனக்கும் உடன்பாடுதான். நம் நாட்டிலேயே அப்படி ஒன்று நடந்திருக்கிறது. கோவாவில் 81 குடும்பங்கள், 2008இல் வெளியானது. டாக்டரோ நர்ஸோ இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டு ஆலோசகர்களாக ஆறு மாதம் வீடு வீடாக அனுப்பினார்கள். மேற்பார்வைக்கு மனநல மருத்துவர் இருந்தார். நோயாளியின் நடத்தையில் உறுதியான மாற்றம் தெரியவில்லை. பார்த்துக்கொள்பவரின் மனநிலை நன்றாகவே தேறியது. மதுரை மகள் வீட்டுக்கு வந்த பொண்ணு செய்தது கிட்டத்தட்ட அதேதான்.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்று 2023இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அத்தனை வீட்டுக்கும் அனுப்ப மனநல மருத்துவர்கள் நம்மிடம் இல்லை. ஏற்கெனவே வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியரையும், 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரையும் வைத்துச் செய்தால் நடக்குமா? சுகர், பிரஷர் பார்க்கப் போகும் அதே நடையில் இதையும் சேர்த்தால், பனங்கூடல் சொன்ன அந்த அரை மணி நேரம் அவர்களுக்குக் கிடைக்குமா? ஆய்வுக்கென்று தனி ஆள் வைத்துச் சோதித்தால் இதற்கு விடை வராது. அண்ணே, இதற்கு நடைமுறை ஆய்வைவிட நல்ல வழி உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

பனங்கூடல்

செய்யிறதெண்டால் முதலில அந்தத் தாதியிட்டக் கேளுங்கோ, 'இந்த வேலையைத் தந்தால் எந்த வேலையைக் குறைக்க வேணும்?' எண்டு. எங்களை ஒருத்தரும் கேக்கிறேல்லை. பெட்டி வரும், படிவம் வரும். இங்க சம்மதம் குடுக்க ஏலாத ஆக்களை ஆய்வில சேர்க்கிறதெண்டால், குடும்பத்தில ஒராளை, ஆருமில்லாட்டி வேற ஒரு பொருத்தமான ஆளைக் கேட்டுத்தான் சேர்க்க வேணும். 2005ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. கஷ்டம்தான், ஆனால் செய்யிறம். அதில நான் பொருநை அண்ணாவின்ர பக்கம்.

பொருநைக்கரை

எண்கணக்கு, வேறு வழி என்னிடம் இல்லை. செவிலியரை வைத்துச் செய்யும் ஆய்வை எதிர்க்கமாட்டேன். ஆனால் இரண்டு நிபந்தனை: எத்தனை வீட்டுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தது என்பதை முதல் மூன்று மாதத்திலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். பாதிக்குக் கீழே இருந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும், கடைசி நாள் வரை ஓட்டக்கூடாது. சம்மதத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

மதுரை மகள்

அந்தச் செவிலியர் வரும்போது காலையில வரச் சொல்லாதீங்க. காலையில அம்மா நல்லாத்தான் இருப்பாங்க, 'ஒண்ணும் பிரச்சினை இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு வரச் சொல்லுங்க. இப்ப மணி அஞ்சு இருபது. முந்தானையைச் செருக ஆரம்பிச்சுட்டாங்க, நான் செருப்பை எடுத்து வைக்கணும்.