மறுமடல்: ‘கட்டலொக்’ என்பதற்குப் ‘படத்தோம்பு’

வணக்கம்.

ஒளிப்படம் திருத்தும் மென்பொருளைத் தமிழாக்கும்போது ‘கட்டலொக்’ (catalog, படங்களைப் பற்றிய விவரங்களை மென்பொருள் எழுதிவைக்கும் தரவுத்தளம்) என்பதற்கு என்ன சொல் இடுவது என்று இரண்டு கிழமையாகப் பேசிவருகிறோம். இதுவரை வந்தவை பட்டியல், தொகுப்பு, நூலகம், படக்களஞ்சியம். முதலாவது போதாது. மற்ற மூன்றும் ஆபத்தானவை. நான் ‘தோம்பு’ என்ற சொல்லை, அதாவது எங்கள் பழைய காணிப் பதிவேட்டின் பெயரை, முன்வைக்கிறேன். மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சொல் பிழைத்தால் சனங்கள் தங்கள் படங்களை இழக்கிறார்கள்.

சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த படப்பிடிப்பாளர் ஒருவர் கோப்பாயில் ஒரு சாமத்திய வீட்டுச் சடங்கைப் படம் பிடித்தார். ஏறக்குறைய 1,400 படங்கள். மடிக்கணினியில் ஒரு கோப்புறையில் இட்டு, அங்கிருந்து மென்பொருளில் ஏற்றி, இரண்டு இரவு கண்விழித்து நிறம் திருத்தினார். பிறகு கணினி நிரம்பிவிட்டது. மென்பொருளைத் திறந்தால் படங்கள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. ஆகவே வெளியே கிடக்கும் கோப்புறை வீணான இன்னொரு படி என்று நினைத்து அதை அழித்தார். கணினியின் குப்பைக்கூடையையும் வெறுமையாக்கினார். நினைவட்டை அதற்கு முன்பே அடுத்த கலியாணத்துக்காகத் துடைக்கப்பட்டிருந்தது.

அல்பம் அச்சுக்குக் கொடுக்கும் நாளில் என்னை அழைத்தார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஓர் ஆச்சரியக்குறி. நான் அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலாத்தித் தட்டுக்கு முன்னால் பிள்ளை நிற்கும் படத்தை அவர் பெருப்பித்தார். நெற்றிச்சுட்டியின் கற்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. எஞ்சியிருந்தது முன்தோற்றம் மட்டும், திரையில் பார்ப்பதற்காக மென்பொருள் தனக்கென்று செய்துவைத்த சிறு உரு. மேலே ‘லைப்ரரி’ என்று எழுதியிருக்கிறதே, லைப்ரரி என்றால் உள்ளே இருக்கத்தானே வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. சொல்தான் அவரை ஏமாற்றியது.

நூலகம் என்றால் நூல் உள்ளே இருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1981இல் எங்கள் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அங்கே என்னென்ன இருந்தன என்று ஒருவர் எவ்வளவு கவனமாகப் பட்டியல் எழுதினாலும் போன ஏட்டுச்சுவடி திரும்பி வராது. பட்டியலுக்கும் நூலுக்கும் உள்ள அந்த வேறுபாட்டைத்தான் இந்த மென்பொருளில் ஒரு சொல் காட்டவேண்டும். தொகுப்பும் களஞ்சியமும் இதே காரணத்தால் விழுகின்றன. களஞ்சியத்தில் நெல் இருக்கும்.

கட்டலொக் என்பது ஒரு தரவுத்தளம். ஒவ்வொரு படத்துக்கும் அதில் ஒரு பதிவு இருக்கும்: எந்த வட்டில், எந்தக் கோப்புறையில், என்ன பெயரில் படம் கிடக்கிறது, எப்போது எடுக்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம், என்னென்ன குறிச்சொற்கள், வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினோம், எங்கே வெட்டினோம். படம் மட்டும் அதற்குள் இல்லை. 2007இல் வெளிவந்த லைட்ரூம் (இப்போது லைட்ரூம் கிளாசிக்) இப்படித்தான் இயங்குகிறது. கட்டற்ற மென்பொருள்களான டிஜிகாமும் டார்க்டேபிளும் தத்தம் வழியில் இதே அடிப்படையில் நிற்கின்றன. படத்தை வேறிடத்துக்குப் படியெடுத்து ஏற்றினாலும், இருந்த இடத்திலேயே விட்டு ஏற்றினாலும், அது உங்கள் வட்டில் ஒரு கோப்புறையில்தான் கிடக்கிறது. கட்டலொக்கில் சேர்வது அதைப் பற்றிய விவரம்.

இதைப் படித்தவுடன் எனக்கு என் அம்மப்பாவின் பேச்சு நினைவுக்கு வந்தது. காணிப் பிணக்கு என்று யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, தோம்பில் என்ன இருக்கிறது என்பதுதான். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. 1658இல் வந்த ஒல்லாந்தர் அந்த ஏட்டு முறையை இன்னும் விரிவாக நடத்தினார்கள். காணியின் பெயர், பரப்பு, உடையவர் எல்லாம் தோம்பில் இருக்கும். காணி மட்டும் இருக்காது. காணி பனையும் கிணறுமாக அது கிடக்கும் இடத்தில் கிடக்கும்.

இனி மென்பொருளோடு பொருத்திப் பாருங்கள். கணினியின் கோப்பு மேலாளரில் போய் ஒரு கோப்புறையை இழுத்து வேறிடத்தில் வைப்பது, இராவோடிராவாகக் கதியாலைப் பிடுங்கி வேலியைத் தள்ளிப்போடுவது போன்றது. தோம்புக்கு அது தெரியாது, அது பழைய எல்லையையே சொல்லிக்கொண்டிருக்கும். அதே கோப்புறையை மென்பொருளுக்குள் நின்று நகர்த்தினால் பதிவும் கூடவே மாறுகிறது. கட்டலொக்குக்குக் காப்புப்படி எடுத்தவர் படங்களுக்கும் எடுத்தாகிவிட்டது என்று நம்புவது இன்னொரு பெரிய பிழை. தோம்பின் படியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் காணியைப் பூட்டியதாகாது என்று எங்கள் ஊரில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபக்கமும் உண்டு. தோம்பு அழிந்தால் காணி அழியாது. ஆனால் அதைப் பற்றி எழுதிவைத்ததெல்லாம் போய்விடும். கட்டலொக் பழுதானால் மூலப் படங்கள் அப்படியே இருக்கும். வேறிடத்தில் எழுதிவைக்காத திருத்தங்களும் நட்சத்திரங்களும் குறிச்சொற்களும் போய்விடும். ஒரே சொல் இத்தனையையும் தாங்குகிறது. ‘பட்டியல்’ என்ற சொல்லால் இதைச் சுமக்க முடியவில்லை, அது கடைச்சாமானுக்கும் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் பொதுவான சொல்.

தோம்பு தமிழல்ல, போர்த்துக்கேயம் என்று ஒருவர் மறுக்கலாம். கதிரையும் மேசையும் யன்னலும் அலுமாரியும் உட்காரும் வாங்கும் அலவாங்கும் அதே வழியில் வந்தவை. அவற்றை எடுத்துவிட்டால் எங்கள் வீட்டில் இருக்க இடமில்லை, வேலி போடக் குழி தோண்டவும் முடியாது. தோம்பு வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் அந்நியன் எழுதிய ஏடு என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. உண்மைதான். ஆனால் நிலத்தைக் காக்க எங்கள் மனிதர்களே பிறகு அந்த ஏட்டைச் சான்றாக எடுத்து நின்றார்கள். அந்தப் பயன்பாடும் சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

தமிழகத்து நண்பர்களுக்கு இது புரியாது என்பதை ஏற்கிறேன். அதற்காகத்தான் தனித் ‘தோம்பு’ என்று விடாமல் ‘படத்தோம்பு’ என்கிறேன். முதன்முறை திறக்கும்போது வரும் சாளரத்தில், ‘உங்கள் படங்கள் எங்கே இருக்கின்றன என்று எழுதிவைக்கும் ஏடு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அறியாத சொல்லைக் கண்டு ஒருவர் நின்று வாசிப்பது, அறிந்த சொல்லால் தவறாக நம்பிக் கோப்புறையை அழிப்பதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது, எனக்கு இதைவிட முக்கியமானது. படக்கோப்பு இருந்த இடத்தில் இல்லாதபோது வரும் அறிவிப்பை நம் வரைவில் ‘படம் காணாமற்போனது’ என்று எழுதியிருக்கிறோம். அதை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த மண்ணில் அந்தச் சொல் வேறொன்றுக்கு உரியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில், வலிந்து காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீதியோரம் இருந்த தாய்மாரின் சொல் அது. அப்படி ஒரு குடும்பத்தின் பழைய படங்களை வருடியில் (ஸ்கானரில்) இட்டுத் திருத்திக் கொடுப்பவர்கள் நம் மென்பொருளைப் பயன்படுத்துவார்கள். அந்த முகத்தின்மேல் ‘காணாமற்போனது’ என்று எழுதிக் காட்ட என் கை வராது.

தொழில்நுட்பப்படி பார்த்தாலும் அது பிழை. பல வேளைகளில் படம் போயிருக்காது, இடம் மாறியிருக்கும். வெளிவட்டை வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதற்கு வேறு எழுத்தைக் கொடுத்துவிடுவதுண்டு. அப்போது தோம்பில் உள்ள முகவரி பொய்த்துப்போய் முழு வட்டும் இல்லாததுபோல் தெரியும். லைட்ரூமில் கோப்புறையின்மேல் ஒரு கேள்விக்குறி வரும். அந்தக் கோப்புறை இப்போது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை காட்டினால் உள்ளே உள்ள எல்லாப் படங்களும் சேர்ந்து மீளும். ஒரு படத்தைத் தனியாகக் காட்டும்போதும், அருகில் உள்ள மற்றவற்றையும் தேடவா என்று அது கேட்கும். ஆகவே ‘இடந்தெரியாத படம்’ என்போம், பொத்தானில் ‘இடம் காட்டு’ என்று இடுவோம். பயனர் பதறாமல் செய்யவேண்டியதைச் செய்வார்.

சிறியவை இரண்டு. படங்களை ஏற்றும் செயலுக்கு ‘இறக்குமதி’ வேண்டாம், சரக்கு உள்ளே வந்து இறங்கிவிட்டது என்று நினைக்க வைக்கிறது. ‘தோம்பில் பதி’ என்பதே நடப்பதைச் சொல்கிறது. மூலப் படத்தின் அருகில் அதே பெயரோடு இருந்து திருத்தங்களைச் சுமக்கும் சிறு கோப்புக்கு ‘உடன்கோப்பு’ எனலாம். டார்க்டேபிள் வழக்கமாக இதை ஒவ்வொரு படத்துக்கும் எழுதிவைக்கிறது. தோம்பு பழுதானாலும் திருத்தங்களை அதிலிருந்து மீட்கலாம். படத்தை நகர்த்துபவர் உடன்கோப்பையும் சேர்த்து நகர்த்தவேண்டும் என்பதை அந்த ‘உடன்’ நினைவூட்டும். ‘இணைக்கோப்பு’ மின்னஞ்சல் இணைப்போடு குழம்பும்.

மட்டக்களப்பு, மன்னார், மலையக நண்பர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் பக்கத்தில் பெரியோர் காணி ஏட்டைத் தோம்பு என்றே சொல்வார்களா, வேறு சொல் உண்டா? தமிழகத்தில் ‘அடங்கல்’ இதற்கு அருகில் வரும் என்று நினைக்கிறேன். கிராமக் கணக்கு அறிந்தவர்கள் திருத்துங்கள். உங்கள் மறுமொழிகளைப் பார்த்த பிறகே வரைவில் கை வைப்பேன். ‘காணாமற்போனது’ என்பதை மட்டும் இன்றே மாற்றிவிட அனுமதி தாருங்கள்.