கலைச்சொல்: மின்சிகரெட் திரவத்துக்கு ‘ஸ்டீப்பிங்’: ஊறவைத்தலா, நாட்படுத்தலா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான புகையிலை விழிப்புணர்வுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘ஸ்டீப்பிங்’ என்று வந்த இடத்தில் ‘ஊறவைத்தல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இரவு படுத்த பிறகுதான் உறுத்தியது: இங்கே எதில் எது ஊறுகிறது? நண்பர்களிடம் கேட்டேன்; அவர்கள் எழுதியதை மேற்கோளாகத் தந்து, கீழே பதில் சொல்கிறேன்.

மின்சிகரெட் திரவம் என்பது புரோப்பிலீன் கிளைக்காலும் தாவரக் கிளிசரினும் சுவையூட்டியும், பெரும்பாலும் நிக்கோடினும் கலந்த ஒரே திரவம். கலந்த கையோடு இழுத்தால் சுவை ஒட்டாமல் தனித்தனியாக நிற்கிறது என்பார்கள். அதனால் குப்பியை மூடி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, அவ்வப்போது குலுக்குகிறார்கள். இதுதான் ‘ஸ்டீப்பிங்’. பழச்சுவைக்குச் சில நாள் போதும்; கஸ்டர்டு, புகையிலைச் சுவைகளுக்குச் சில வாரம் ஆகும். தேயிலைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஆனால் இங்கே இலையும் இல்லை, சாறு இறங்குவதும் இல்லை.

> ‘ஊறவைத்தல்’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்று புரியும். உளுந்து தண்ணீரில் ஊறுகிறது, மாவடு உப்பில் ஊறுகிறது. ஒரு பொருள் இன்னொன்றுக்குள் இறங்கினால்தான் நமக்கு அது ஊறுதல். சுருக்கி ‘ஊறல்’ என்றாலோ இன்னும் சிக்கல். ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று நாளிதழில் படித்துப் பழகியவர்கள், இது ஏதோ நொதிக்கிறது என்றே நினைப்பார்கள். இங்கே நொதித்தலே கிடையாது.

> முதிர்வித்தல் அல்லது பக்குவப்படுத்தல்?

இரண்டும் அழகான சொற்கள். அதனாலேயே எனக்குத் தயக்கம். பக்குவம் என்றாலே நல்லது நடந்துவிட்டது என்று பொருள். குப்பிக்குள் நடப்பது என்ன? வெனிலின், இலவங்கப்பட்டை மணம் தரும் சின்னமால்டிஹைடு போன்ற சுவையூட்டிகள் புரோப்பிலீன் கிளைக்காலோடு வினைபுரிந்து அசிட்டால் என்ற புதுச் சேர்மங்களாகின்றன. அடுப்பே வேண்டாம், அறைச் சூட்டிலேயே இது நடக்கும். யேல், டியூக் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அசிட்டால்கள் மூச்சுப்பாதையின் எரிச்சல் உணர்விகளை மூலச் சுவையூட்டிகளைவிடக் கூடுதலாகத் தூண்டுவது தெரிந்தது. காற்றும் வெளிச்சமும் பட்டு நிக்கோடினும் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகிறது. அந்தப் பழுப்பைப் பார்த்துத்தான் ‘ஆகிவிட்டது’ என்று தீர்மானிக்கிறார்கள். இதற்கு ‘பக்குவம்’ என்று நாம் முத்திரை குத்தினால், மாணவர் படிக்கும் கையேடே அதற்குச் சான்றிதழ் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

என் பரிந்துரை நாட்படுத்தல். நாட்படு, நாட்படுத்து: புணர்ச்சி நேராக இருக்கிறது, தன்வினை, பிறவினை இரண்டும் கிடைக்கின்றன. ‘இரண்டு வாரம் நாட்படுத்திய திரவம்’, ‘நாட்படாத திரவம்’ என்று வாக்கியத்திலும் உட்கார்கிறது. புறநானூற்றில் ஔவையார் தேள் கடுத்தது போன்ற ‘நாட்படு தேறல்’ என்கிறார். மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடைப் பெரியவரிடம் லேகியத்தைப் பற்றிக் கேட்டேன். “நெல்லுக்குள்ள பொதச்சு வச்சா, நாள்பட நாள்பட கொணம் கூடும்” என்றார். சித்த மருத்துவத்தில் அதற்குத் தானியப் புடம் என்று பெயர். மூடிய கலம், பல நாள் காத்திருப்பு என்று நம் குப்பிக்கு மிக நெருங்கிய முறை. ‘புடமிடல்’ என்றே வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் புடம் என்றால் பலருக்கு நெருப்பும் தங்கமும்தான் நினைவுக்கு வரும். மருந்தின் மதிப்பும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

> நாட்பட்ட நோய், நாள்பட்ட மாவு என்கிறோமே, கெட்டுப்போன தொனி வராதா அம்மா?

நேற்று வந்த இந்தக் கேள்வி நியாயமானது. நாட்பட்ட நோய் நெடுநாள் நீடித்த நோய், நாட்படு தேறல் நெடுநாள் வைத்ததால் கடுப்பேறிய கள். சொல் நாளை மட்டும் எண்ணுகிறது, தீர்ப்பை வாக்கியத்துக்கு விட்டுவிடுகிறது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு குறை இருக்கிறது. சிலர் குப்பியை வெந்நீரில் வைத்து ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். ‘விரைவு நாட்படுத்தல்’ முரணாக ஒலிக்கிறது. அதற்குச் சூடுகாட்டல் என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். இன்னும் சிலர் மூடியைக் கழற்றியும் வைக்கிறார்கள்; அதற்குத் ‘திறந்துவைத்தல்’ போதும்.

அப்புறம் கையேட்டில் வரும் இன்னொரு சொல், ‘ஸ்டோரேஜ்’. இதற்கு ஒரே சொல் போதாது. 2019ஆம் ஆண்டு மின்சிகரெட் தடைச் சட்டத்தில் வருவது சரக்கை இருப்பு வைத்தல். அதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையேட்டில் இன்னோர் இடத்தில் வருவதோ, குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பது. நிக்கோடின் திரவத்தை விழுங்கினாலும், தோலில் பட்டாலும் நஞ்சு. அங்கே ‘பத்திரப்படுத்தல்’ வேண்டும். ‘சேமித்தல்’ இரண்டுக்கும் வேண்டாம். அது உண்டியலுக்கு இருக்கட்டும்.

கையேடு அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கிறது. சித்த மருத்துவம் படித்தவர்கள் இங்கே இருந்தால், தானியப் புடத்தில் இருக்கும் மருந்தை அந்த நாள்களில் என்ன வினைச்சொல்லால் குறிக்கிறார்கள் என்று எழுதுங்கள். நாட்படுத்தலைவிடப் பொருந்தினால் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து