அறிவியல் வழியாக நீதி: ஹிர்ஷ்ஃபெல்ட் தேர்ந்த பாதை சரியா?

நெய்தல்: ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய ஜெர்மானியச் சட்டப் பிரிவு 175-ஐ நீக்கக் கோரி, மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1897-இல் பெர்லினில் ஒரு குழுவைத் தொடங்கினார். தன்பாலீர்ப்பு பிறவியிலேயே அமைவது, ஆகவே அதைத் தண்டிப்பது தகாது என்பது அவர் வாதம். ‘அறிவியல் வழியாக நீதி’ என்பது அவர் முழக்கம். அந்த அடித்தளமே பிழை என்கிறேன். பிறவி என்று மெய்ப்பித்தால்தான் உரிமை என்றால், அதே பிறவியைக் கோளாறு என்று இன்னொரு மருத்துவர் சொல்லும் நாளில் எதைப் பற்றிக்கொள்வது? அப்படித்தான் நடந்தது. பாலீர்ப்பைத் தீர்மானிப்பது விரையின் சுரப்பே என்ற உடலியலாளர் ஸ்டைனாக்கின் கொள்கையை நம்பி, வியன்னாவில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் உடலில் வேறு ஆண்களின் விரைத் திசுவை வைத்துத் தைத்தார்கள். அந்த அறுவைக்கு ஹிர்ஷ்ஃபெல்டே சிலரை அனுப்பினார்.

தராசு: அந்த அறுவையை நானும் ஏற்கவில்லை. ஆனால் 1898-இல் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஆகஸ்ட் பேபல், பிரிவு 175-ஐ நீக்கக் கோரிய அந்தக் குழுவின் மனுவுக்காக ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் பேசியபோது, பாவம், இழிவு என்ற சொற்களே எதிரே நின்றன. அவற்றின் முன் எடுபடக்கூடியது மருத்துவரின் சொல்தான். ஆணுடை அணிந்து தெருவில் நடந்த பெண்ணை ஒழுங்கைக் குலைத்தவர் என்று காவலர் பிடித்துச் சென்ற காலத்தில், ஹிர்ஷ்ஃபெல்ட் எழுதித் தந்த சான்றைக் காட்டி, ‘இவர் ஆணுடை அணிபவர் என்பது காவல்துறைக்குத் தெரியும்’ என்ற சீட்டைப் பெற முடிந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அச்சமின்றி வேலைக்குப் போனவரிடம் அடித்தளம் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நெய்தல்: சீட்டின் அருமை எனக்கும் தெரியும். ஒரு பெண் தான் விரும்பிய கால்சட்டையைப் போட மருத்துவரின் கையெழுத்தும் காவலரின் முத்திரையும் வேண்டியிருந்ததே, அதுதான் என் மனக்குறை.

கல்வெட்டு: இருவருமே அரசியலை விட்டுவிட்டீர்கள். வயதுவந்த ஆண்களின் உறவைத் தண்டிக்க வேண்டாம் என்று நாடாளுமன்றச் சட்டக் குழு 1929 அக்டோபரில் வாக்களித்தது. அது சட்டமாகும் முன் நாஜிகள் வந்துவிட்டார்கள். 1933 மே 6-இல் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிலையத்தைச் சூறையாடி, நான்கு நாள் கழித்து அதன் நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் எரித்தார்கள். 1935-இல் பிரிவு 175-ஐ மேலும் கடுமையாக்கினார்கள். தோற்றது அறிவியல் அன்று.

நெய்தல்: நாஜிகள் போன பிறகும் மேற்கு ஜெர்மனி அந்தக் கடுமையான வடிவத்தையே 1969 வரை வைத்திருந்தது. 1957-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நிபுணர்களை வரவழைத்துக் கேட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள உயிரியல் வேறுபாட்டைக் காட்டியே, ஆண்களை மட்டும் தண்டிப்பது சரி என்று தீர்ப்பளித்தது.