புதுப்பிப்பு: நடைத்தூரம் மாறவில்லை, தசை மாறியிருக்கிறது

போன பதிவில் கேட்டிருந்தேன்: 6 நிமிட நடைச் சோதனையில் ஓராண்டாக அதே தூரம்தான் வருகிறது, ஆனால் படி ஏறுவது கடினமாகிக்கொண்டே போகிறதே, எதை நம்புவது என்று. (எனக்கு இருப்பது இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் லிம்ப்-கர்டில் வகைத் தசைச்சிதைவு நோய்.) பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தொடை எம்.ஆர்.ஐ. முடிவு வந்துவிட்டது. கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் டிக்சன் முறையில் எடுத்தால் ஒவ்வொரு தசையிலும் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று சதவீதமாகவே சொல்லிவிடுகிறார்கள். முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டால் பின்தொடையில் கூடியிருக்கிறது. பெரியவர்களுக்கு நோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் நகர்கிறது. ஓராண்டில் நடைத்தூரம் அசையாமல் இருந்தாலும் படத்தில் மாற்றம் தெரிந்துவிடலாம். சமதரையில் மற்ற தசைகளை வைத்து உடம்பு எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறது. படியில்தான் குட்டு வெளிப்படுகிறது!

ரத்தத்தில் சி.கே. (சேதமான தசையிலிருந்து கசியும் நொதி) அளவு குறைந்ததாகக் குதித்தேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். தசை கரையக் கரைய அதுவும் இறங்கும். நோய் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

மூச்சுத்திறனை உட்கார்ந்தும் படுத்தும் அளக்கச் சொல்லியிருந்தீர்கள். உதரவிதானம் பலவீனமானால் படுக்கும்போது அளவு நன்றாகவே இறங்குமாம். எனக்கு வித்தியாசம் கொஞ்சம்தான்.

அடுத்த முறையிலிருந்து 4 படி ஏறும் நேரத்தையும் தரையிலிருந்து எழும் நேரத்தையும் குறிக்கப் போகிறோம். காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார் பிசியோ. மாலையில் அளந்தால் களைப்பையும் சேர்த்து அளந்துவிடுவோமாம்.