ஃப்ளூரசன்ஸ் லைஃப்டைமுக்கு "கிளர்வாயுள்" சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம். ஃப்ளூரசன்ஸ் லைஃப்டைமுக்கு (சாயம் ஒளியை வாங்கி உடனே திருப்பி ஒளிர்றதுதான் ஃப்ளூரசன்ஸ்) தமிழ்ச்சொல் தேடுற நம்ம குழுவுல ரெண்டு நாளா பேச்சு "உடனொளிர்வு ஆயுட்காலம்"கிற பக்கமே சாயுது. எனக்கு மனசு ஒப்பல, ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல நாம அளக்குறது எதை? லேசர் துடிப்பு பட்டதும் சாய மூலக்கூறு கிளர்நிலைக்கு (ஆற்றல் கூடின நிலைக்கு) ஏறுது, அங்க கொஞ்ச நேரம் இருந்துட்டு ஒரு ஃபோட்டானை விட்டுட்டு கீழ இறங்குது. எல்லாம் ஒரே நேரத்துல இறங்காது, ஒண்ணு முந்தும் ஒண்ணு பிந்தும், அதனால லேசர் திரும்பத் திரும்ப அடிக்க அடிக்க ஒவ்வொரு ஃபோட்டானும் எத்தனை நேரம் கழிச்சு டிடெக்டருக்கு வந்துச்சுன்னு எண்ணி எண்ணி வரைபடம் போடுறோம், அந்த வளைகோடு ஆரம்ப அளவுல சுமார் 37 சதவீதத்துக்கு இறங்க ஆகுற நேரம்தான் லைஃப்டைம். தண்ணியில இருக்குற ஃப்ளூரசீன்ங்கிற சாயத்துக்கு சுமார் 4 நானோசெகண்ட். ஒரு நானோசெகண்ட்ல ஒளியே 30 செ.மீ.தான் போகும், ஸ்கூல் ஸ்கேல் நீளம், அவ்வளவு சின்ன நேரத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் அளக்குறோம்ங்கிறது எனக்கு இன்னும் பிரமிப்பாத்தான் இருக்கு.

இப்ப "ஆயுட்காலம்". ஒரு தடவை தமிழ்ல பாடம் எடுக்கும்போது இதே சொல்லைத்தான் சொன்னேன், ஒரு பொண்ணு எழுந்து "4 நானோசெகண்ட்ல சாயம் செத்துடும்னா பத்து நிமிஷம் எப்படி சார் படம் எடுக்குறீங்க"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி! சொல் அப்படித்தான் நெனக்க வைக்குது. மூலக்கூறு சாகல, இறங்கின உடனே மறுபடி ஏற ரெடியா இருக்கு, ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கும். சாயத்துக்கு நிஜமான சாவு வெளுத்துப்போறதுதான், அது வேற கணக்கு.

கதிரியக்கத்துல "சராசரி ஆயுட்காலம்" ஏற்கெனவே இருக்கேன்னு குழுவுல ஒரு ஐயா சொன்னது சரிதான், கணிதமும் ஒண்ணுதான். ஆனா அங்க அணுக்கரு ஒரே தடவை சிதையுது, வேற அணுக்கருவா மாறிடுது, திரும்பி வராது. இங்க முடியிறது கிளர்ந்த நிலை மட்டும்தான்.

இன்னொரு உறுத்தல், "உடன்" ஒளிருதுன்னா அப்புறம் எதுக்கு காலம் அளக்கணும்? நம்ம கண்ணுக்கு உடன், டிடெக்டருக்கு உடன் இல்ல.

இன்னொரு யோசனையான "தங்குநேரம்" அழகாத்தான் இருக்கு, ஆனா வேதிப் பொறியியல்ல உலைக்குள்ள திரவம் தங்குற நேரத்துக்கு அது வேணும், விட்டுடலாம்.

அதனால என் முன்மொழிவு: கிளர்வு + ஆயுள், கிளர்வாயுள். யாரோட ஆயுள்ங்கிற கேள்விக்கு சொல்லுக்குள்ளயே பதில் வந்துடுது. நின்றொளிர்தலுக்கும் (ஃபாஸ்ஃபரசன்ஸ், அதாவது மெதுவா நின்னு ஒளிர்றது) இதே சொல் ஓடும், அங்க கிளர்வாயுள் மைக்ரோசெகண்ட், மில்லிசெகண்ட்னு நீளும், அவ்வளவுதான்.

இப்படி நேரத்தை அளக்குற முறையோட பலனே கிளர்ந்த மூலக்கூறை சுத்தி என்ன இருக்குன்னு காட்டுறதுதானே. சாயம் அதிகமா இருந்தா படம் பிரகாசமாகும், கிளர்வாயுள் பொதுவா மாறாது. செல்லுக்குள்ள என்ஏடிஎச் (செல்லோட ஆற்றல் வேலையில பங்கெடுக்குற, தானாவே ஒளிர்ற மூலக்கூறு) தனியா மிதந்தா 0.4 நானோசெகண்ட் பக்கம், புரதத்தோட ஒட்டிக்கிட்டா பல மடங்கு கூடும், நிறத்தை மட்டும் பார்த்து ரெண்டையும் பிரிக்கிறது கஷ்டம். ரெண்டு புரதம் கிட்டத்தட்ட 10 நானோமீட்டருக்குள்ள நெருங்குதான்னு பார்க்கவும், ஒண்ணுல ஒட்டின சாயம் தன் ஆற்றலை மத்ததுல இருக்குற சாயத்துக்குக் கொடுக்கும்ங்கிறதால, கொடுக்குற சாயத்தோட கிளர்வாயுள் குறையுதான்னுதான் பார்க்குறோம்.

இந்த நேரத்தை பிக்சல் பிக்சலா அளந்து படமாக்குற ஃப்ளிம் (FLIM) கருவிக்கு "கிளர்வாயுள் நுண்ணோக்கி"ன்னே வைக்கலாம், ஈழத்து நண்பர்கள் "நுணுக்குக்காட்டி"ன்னு எழுதினாலும் முன்பாதி மாறாது. அது தர்ற படத்தைத்தான் என்னன்னு சொல்றதுன்னு தெரியல. அதுல நீலம் சிவப்பு எல்லாம் நேரத்துக்கு நாம பூசுற நிறம், சாயம் விடுற நிறம் இல்ல, வெறும் "ஒளிர்படம்"னா பார்க்குறவங்க ஏமாந்துடுவாங்க. "கிளர்வாயுள் வரைபடம்"னு சொன்னா மேப்னு புரியுமா, இல்ல கிராஃப்னு நெனச்சுடுவாங்களா? பாடம் எடுக்குறவங்க சொல்லுங்க.