கூலிக் கணக்கு நகரவில்லை. லாக்கில் அதன் பிளான் மட்டும் விழவில்லை

கேள்வி (திருப்பூர்):
பின்னலாடை நிறுவனம் ஒன்றில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15. சனிக்கிழமைதோறும் பீஸ் ரேட் கூலிக் கணக்கை ஓட்டுவோம். டெய்லர், செக்கிங், பேக்கிங் ஆட்கள் கூலியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறக் காத்திருப்பார்கள். மூன்று வாரங்களாகத் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் முன்னால் நிற்கவே மனம் கூசுகிறது. மெதுவான குவெரியை டேட்டாபேஸ் எந்த வழியில் ஓட்டியது என்ற பிளானை லாக்கில் (பதிவுக் கோப்பில்) எழுதும் ஆட்டோ எக்ஸ்பிளெயினைப் போட்டு, பதிவாவதற்கான குறைந்தபட்ச நேரமான லாக் மின் டியூரேஷனை 5 விநாடியாக வைத்தேன். கூலிக் கணக்கின் பிளான் மட்டும் லாக்கில் இல்லை.

பதில் (ஈரோடு):
தம்பி, செட்டிங் ஃபைலில் ஷேர்டு பிரீலோடு லைப்ரரிஸ் வரியில் அதைச் சேர்த்த பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்தீர்களா? ரீலோடு போதாது.

கேட்டவர்:
செய்தேன் அண்ணா. மற்ற ரிப்போர்ட்டுகளின் பிளான் விழுகிறது.

பதில் (கோவை):
கணக்கு ஃபங்ஷனுக்குள் (டேட்டாபேஸிலேயே எழுதி வைத்த நிரலுக்குள்) ஓடுகிறதா? லாக் நெஸ்டட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற செட்டிங் இயல்பில் ஆஃப். உள்ளே ஓடும் குவெரிகள் பதிவாகா. ஆனால் ஃபங்ஷனை அழைக்கும் செலெக்டின் பிளானாவது விழ வேண்டும்.

கேட்டவர்:
ஃபங்ஷன்தான் அக்கா, செலெக்டில் அழைக்கிறோம். அந்த வரியும் இல்லை.

பதில் (கோவை):
அப்படியானால் குவெரி முடியவே இல்லை. ஓடி முடியும் இடத்தில்தான் ஆட்டோ எக்ஸ்பிளெயின் பிளானை எழுதும். நடுவில் ரத்தானால் எழுதாது. ஸ்டேட்மென்ட் டைம்அவுட் (ஒரு குவெரி ஓடுவதற்கான நேர வரம்பு) எவ்வளவு? லாக்கில் ரத்துப் பிழை இருக்கும், தேடுங்கள். பிறகு டெஸ்ட் காப்பியில் ஒரே ஒரு செஷனில் மட்டும் டைம்அவுட்டை 0 (வரம்பில்லை) ஆக்கி, நெஸ்டடை ஆன் செய்து, முடியும்வரை ஓடவிடுங்கள். சூப்பர்யூசராக நுழைய வேண்டும்.

பதில் (ஈரோடு):
அங்கேயே லாக் அனலைஸையும் போடுங்கள், பிளானின் ஒவ்வொரு படியிலும் உண்மையான வரி எண்ணிக்கை தெரியும். லைவில் வேண்டாம், வேகமாக முடியும் குவெரிகளுக்கும் நேரம் அளந்து சர்வரை இழுத்துவிடும்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது! டைம்அவுட் 60 விநாடி. மென்பொருள் பிழையைக் காட்டாமல் குவெரியை மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தது. லாக்கில் 'டியூரேஷன்' வரிகளை மட்டும் நான் தேடியதால் ரத்துப் பிழை கண்ணில் படவில்லை. பிளானில் பார்த்தால், பீஸ் பதிவு டேபிளின் தேதியை டெக்ஸ்டாக மாற்றி ஒப்பிட்டிருக்கிறோம். தேதியில் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இருந்தும், அதை விட்டு டேபிள் முழுவதையும் படிக்கும் சீக்வென்ஷியல் ஸ்கேன். அதுவும் நெஸ்டட் லூப்பின் (ஒரு பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் மறுபக்கத்தைத் தேடும் இணைப்பின்) உள்பக்கம், ஆளுக்கு ஒரு முறை முழு டேபிள். தேதியைத் தேதியாகவே ஒப்பிட்டதும் இண்டெக்ஸைப் பிடித்துக்கொண்டது. இன்று ஐந்து மணிக்கே கூலிக் கவர்கள் தயார். அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி.

பதில் (கோவை):
மகிழ்ச்சி தம்பி. டைம்அவுட் பிழையைத் திரையில் காட்டும்படி மென்பொருளையும் திருத்தச் சொல்லுங்கள்.